ஊர்க் கிடங்கா, வார்டுக் கூடமா, வீட்டுப் பானையா? கடற்கரை மணலில் குப்பைக்கு எது தோது?

வீட்டில் பச்சை வாளி, நீல வாளி என்று இரண்டு வைத்துக் குப்பையைப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பால் வாங்கப் போன இடத்தில் பார்த்தால், தெருமுக்கில் நின்ற டிப்பரில் இரண்டும் ஒன்றாக விழுகிறது. வண்டி தள்ளும் அக்காவிடம் கேட்டேன். "நான் பிரிச்சுத்தான் கொண்டாறேன் தம்பி. கொட்டுறதுக்கு ஒரு இடந்தானே இருக்கு" என்றார். ஊர்ப் பெயர் வேண்டாம்.

அந்த அக்கா சொன்னதில்தான் விஷயம் இருக்கிறது. வாளிக்கு அப்புறம் குப்பை எங்கே போகிறது என்று பார்க்காமல் வாளியின் நிறத்தைப் பேசிப் பயனில்லை. நம் ராமநாதபுரம் கரையோர ஊர்களுக்கு இப்போது பேச்சில் அடிபடும் வழிகள் நான்கு: ஊருக்கு வெளியே ஒரே பெரிய கிடங்கு, எரித்து மின்சாரம் எடுப்பது, வார்டுக்கு ஒரு உரக்கூடம், வீட்டிலேயே மக்கவைப்பது.

எரிப்பதை முதலில் முடித்துவிடலாம். டீக்கடையில் யாராவது ஒருவர் "வெளிநாட்டுல எல்லாம் எரிச்சு கரண்டு எடுக்கிறான்" என்று தொடங்குவார். தில்லி திமார்பூரில் 1987-லேயே நாளுக்கு 300 டன் எரிக்கும் ஆலை கட்டினார்கள். வந்து சேர்ந்த குப்பையில் எரிய வேண்டிய அளவு சூடு இல்லை. சில வாரங்களில் ஆலை நின்றது. நம் வீட்டுக் குப்பையும் சோறு, காய்கறித் தோல், மீன் கழிவு என்று பாதிக்கு மேல் ஈரம்தான். தவிர, இந்த மாதிரி ஆலைக்கு நாள்தோறும் நூற்றுக்கணக்கான டன் தீனி வேண்டும். நம் ஊர்களை எல்லாம் கூட்டிச் சேர்த்தாலும், குப்பையை ஏற்றி இறக்கும் டீசல் செலவே போட்ட பணத்தைத் தின்றுவிடும்.

கிடங்கு பழகிய வழி. ஒரு இடம், ஒரு வேலி, ஒரு லாரி. நகராட்சிக்கு நிர்வாகம் சுலபம். உள்பக்கம் கரிசல் மண்ணில் இதற்கு ஓரளவு நியாயம் உண்டு. கரையில் மண் வேறு. இங்கே கோடையில் பெண்கள் மணலைத் தோண்டி ஊற்றுப் போட்டு, சிரட்டையில் நல்ல தண்ணீர் மொண்டு குடத்தில் ஊற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நல்ல தண்ணீர் அடியிலுள்ள உவர்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதந்து நிற்பது. மேலே மழை பெய்தால் மணல் வழியே நேரே அதில்தான் இறங்கும். அதே மணலில் குப்பை மேடு இருந்தால் அதன் கறுப்புக் கசிவுநீரும் அதே வழியில் இறங்கும். களிமண் தடுக்கும், மணல் தடுக்காது. குப்பை புதைக்கும் இடம் குடிநீர்க் கிணற்றிலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் 200 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றன 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகள். ராமேஸ்வரம் தீவில் வரைபடத்தை விரித்து, கிணறு, வீடு, கடல், ரோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டு இடம் தேடிப் பாருங்கள்.

அப்புறம் காற்று. மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலையே நிறுத்திவைத்தார்கள். ரயிலுக்கே அந்தக் கதி என்றால் கேரி பைக்கு என்ன? ஆடிக் காற்றில் கிடங்கிலிருந்து கிளம்பும் பை, கருவேலமுள்ளில் மாட்டாவிட்டால் கடலுக்குத்தான் போகும். தெற்கே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்கா அறிவித்திருக்கிறார்கள்; கடற்பசு மேயும் கடற்புல் அங்கேயும் உண்டு. கிடங்கில் தீப்பிடித்தால் என்ன ஆகும் என்பதற்குக் கொச்சி பிரம்மபுரம் போதும். 2023 மார்ச்சில் பற்றிய நெருப்பு பத்து நாளுக்கு மேல் புகைந்தது.

சரி, வீட்டுப் பானை. இதற்கு நான் ஒரு காலத்தில் பெரிய ஆதரவாளன். அடுக்குப் பானை மூன்று வாங்கி, காய்கறிக் கழிவைப் போட்டு, மேலே தென்னைநார்த் தூளைத் தூவினேன். ஒரு கை குப்பைக்கு ஒரு கை தூள். பதம் பார்க்க ஒரு வழி உண்டு: ஒரு பிடி எடுத்து இறுக்கினால் விரலிடுக்கில் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. இரண்டு மாதம் அருமையாக ஓடியது. ஐப்பசியில் மழை பிடித்தது. அதே வாரம் யாரோ (நான்தான்) நகரை மீன் குடலையும் அதில் போட்டுவிட்டார்கள். மூன்றாம் நாள் பானை விளிம்பில் வெள்ளைப் புழு வரிசையாக ஏறி வந்தது. பானை வாசலுக்கு வெளியே போனது. அதைத் தொடர்ந்து நானும் கொஞ்ச நேரம் வெளியே நின்றேன்.

தப்பு பானையில் இல்லை. மக்கும் குவியல் சூடேற அளவு வேண்டும். நீளம், அகலம், உயரம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டராவது இருந்தால்தான் உள்ளே 55 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் புழுவும் கிருமியும் களை விதையும் செத்துப்போகும். பானை அந்தச் சூட்டை எட்டாது. ஆகவே சைவக் கழிவுக்குப் பானை சரி, மீன் கழிவுக்குச் சரிவராது. மீன் இல்லாத சமையல் இந்தக் கரையில் எத்தனை வீட்டில் நடக்கிறது? இன்னொன்று, கொல்லை உள்ள வீட்டுக்குத்தான் இது தோது. கீழக்கரையின் பழைய தெருக்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டுக்காரரிடம் பானை வாங்கச் சொன்னால் மொட்டை மாடிக்குத்தான் தூக்க வேண்டும்.

வார்டு உரக்கூடம் இந்த இடத்தில்தான் முந்துகிறது. நாலைந்து தெருக் குப்பை சேர்ந்தால் குவியல் தானாகச் சூடேறும், மீனும் மக்கும். கூரை போட்டால் வாடை மழையிலிருந்து தப்பும். கலப்பதற்குக் காய்ந்த பொருள் வேண்டுமே என்று கேட்டால், நம் பக்கம் பஞ்சமே இல்லை: நார்த்தூள், பனையோலைத் துண்டு, சீமைக்கருவேலச் சருகு. ஆறேழு வாரத்தில் உரம் தயார். கேரளத்தில் ஆலப்புழையும் நம்மைப் போலத் தண்ணீர் சூழ்ந்த ஊர்தான். கிடங்கு இருந்த கிராமத்து மக்கள் லாரியை மறித்த பிறகு, 2012-லிருந்து வீட்டில் குழாய்க்குள் மக்கவைப்பது, தெருவில் உரத்தொட்டி என்று இரண்டையும் கலந்து செய்தார்கள். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2017-ல் எடுத்துக்காட்டிய ஐந்து நகரங்களில் அதுவும் ஒன்று.

குறை இல்லாமல் இல்லை. "எங்க வார்டுல வேண்டாம்" என்று முதல் நாளே மனு வரும். கிளறிவிட ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கையுறையும் மாதாமாதம் சம்பளமும் ஒழுங்காகப் போக வேண்டும். உப்புக்காற்றில் அரவை இயந்திரம் துருப்பிடிக்கும். உரத்தில் கண்ணாடிச் சில்லும் பிளேடும் கிடந்தால் மிளகாய் விவசாயி ஒருமுறைதான் வாங்குவார். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய முண்டு மிளகாய்க்காரர்கள் பக்கத்திலேயே இருந்தும் உரம் விற்கவில்லை என்றால், கோளாறு பிரிப்பதில் இருக்கும்.

இந்த எந்த வழியிலும் அடங்காதவை சில உண்டு. நாப்கின், டயப்பர், கிழிந்த நைலான் வலை. அப்புறம் ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கடலில் குளித்தவர்கள் விட்டுப்போகும் துணி. ஆடி, தை அமாவாசைகளில் அது மூட்டை மூட்டையாகச் சேரும். இவற்றுக்கு மாவட்ட அளவில் ஒரு பொது இடம் வேண்டியதுதான். கிடங்கு என்ற யோசனைக்கு நான் விட்டுக்கொடுக்கும் இடம் அவ்வளவே: காய்ந்த, மக்காத, விற்கவும் முடியாத மிச்சத்துக்கு மட்டும், உள்பக்கத்துக் களிமண்ணில், அடியில் கசிவு தடுக்கும் தடித்த பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு.

பணம் ஒரு வேலைக்குத்தான் இருக்கிறது என்றால் மீன் மார்க்கெட்டில் தொடங்குவேன். தலை, குடல், செதில், செவுள் எல்லாம் ஒரே இடத்தில், பிளாஸ்டிக் கலக்காமல் கிடைக்கிறது. அதே எடை வெல்லம் சேர்த்து மூடி வைத்தால் மூன்று வாரத்தில் மீன் அமிலம். பத்து லிட்டர் தண்ணீருக்கு நூறு மில்லி கலந்து செடிக்குத் தெளிக்கலாம். மிஞ்சுவது உரக்கூடத்துக்கு. வண்டி பதினொரு மணிக்குள் வந்துவிட வேண்டும். பன்னிரண்டு ஆனால் காக்கையும் நாயும் தங்கள் பங்கைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விடும்.