பொம்மைத் தொப்பிக்கு ஃபெல்ட் துணியா, தோல் துண்டா?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை போன்ற தோல் தொழில் ஊர்கள் வேலூரைச் சுற்றியே இருப்பதால், பொம்மைக்குத் தொப்பி தைக்க விரும்பும் நம் பகுதியினருக்கு, இழைகளை அழுத்திச் செய்யும் ஃபெல்ட் துணியுடன் மெல்லிய ஆட்டுத்தோல் துண்டும் ஒரு தேர்வாகிறது. இரண்டும் நெய்யப்படாதவை, ஆகவே வெட்டிய ஓரத்தில் நூல் பிரியாது, மடித்துத் தைக்கவும் வேண்டாம். உள்ளங்கைக்குள் அடங்கும் தொப்பிக்கு இது பெரும் வசதியாகும்.

செலவு: ஃபெல்ட்டைத் தாளாக வாங்கலாம். தோலில், காலணி வெட்டியபின் மிஞ்சும் துண்டே போதும்.

தைப்பது: ஃபெல்ட்டில் சாதாரண ஊசி போதும், தவறினால் பிரித்துத் தைக்கலாம். தோலிலோ ஊசி குத்திய துளை மறையாது. எனவே குண்டூசிக்குப் பதில் கிளிப்பால் பிடித்து, தோல் ஊசியால் நீண்ட தையலாகப் போட வேண்டும், ஏனெனில் நெருக்கமான துளைகள் வரிசையாகக் கிழிந்துவிடும்.

உழைப்பு: பாலியெஸ்டர் ஃபெல்ட் தேயத் தேயப் பொசுபொசுத்துவிடும், சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகும். தோல் நெடுநாள் உழைக்கும், ஆனால் அதன் சாயம் பொம்மையின் முகத்தில் ஒட்டக்கூடும் என்பதால் உள்ளே வெள்ளைப் பருத்தித் துணி கொடுப்பது அவசியம் என்றே கருதுகிறேன்.

அளவெடுக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே. தலைச் சுற்றளவை 6.28 ஆல் வகுத்தால் விளிம்பின் உள்வட்ட ஆரம் கிடைக்கும், 12 செ.மீ. தலைக்கு ஏறத்தாழ 1.9 செ.மீ.

குழந்தையுடன் அமர்ந்து தைப்பவருக்கும், வண்ணம் பல வேண்டுபவருக்கும் ஃபெல்ட் ஏற்றது. கையில் தையல் பழகியவர், விளிம்பு விறைப்பாக நிற்கும் காவலர் தொப்பியையோ வேட்டைக்காரர் தொப்பியையோ தைப்பதானால் தோலையே எடுக்கலாம்.