வெளிநாட்டிலிருந்து பெட்டி வரவழைக்கிற தஞ்சாவூர், கும்பகோணம்காரர்கள் கொஞ்சம் உஷார்

நான் பிறந்தது ஈப்போவில். கல்யாணமாகி கும்பகோணம் வந்து வருஷங்கள் ஆனாலும் கையில் இருப்பது மலேசியா பாஸ்போர்ட்டும் ஓசிஐ கார்டும்தான் (இந்திய வம்சாவளி வெளிநாட்டுக்காரருக்கு இந்தியா கொடுக்கிற அட்டை). 2023-ல் அம்மா தவறியபோது ஊருக்குப் போய் வீட்டைக் காலி செய்துவிட்டுத் திரும்பினேன். வந்த இரண்டாவது வாரம், அம்மாவின் தையல் மெஷின், புடவைகள், எவர்சில்வர் அண்டா, புது மிக்ஸி ஒன்று, ஒரு டஜன் மைலோ பானப் பொடி டின் என்று மூன்று பெட்டிகளைத் தம்பி கப்பலில் போட்டுவிட்டான். (மைலோவுக்குச் சிரிக்காதீர்கள், ஈப்போக்காரிக்கு அது மருந்து மாதிரி.)

பெட்டி சென்னை வந்ததும், சொந்தக்காரர் ஒருவர் சொன்னார் என்று கஸ்டம்ஸிலிருந்து பெட்டியை எடுத்துத் தருகிற உள்ளூர் கிளியரிங் ஏஜென்ட் ஒருவரிடம் போனேன். "நீங்க ஏன்க்கா மெட்ராஸ் வரைக்கும் அலையணும், நான் பாத்துக்கறேன்" என்றார். வெளிநாட்டு பாஸ்போர்ட் என்றால் தனியாக என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்கிற கடிதம்) வேண்டுமாம், டியூட்டியும், அதாவது சுங்க வரியும், டபுளாம். டியூட்டிக்கு 22,000, தன் கூலி 4,000, இரண்டையும் அவர் மனைவி நம்பருக்கு ஜிபே செய்தேன், ரசீது கேட்கவில்லை. ஒரிஜினல் பாஸ்போர்ட்டையும் கொடுத்தேன். அன்றைக்கு என் புத்தி எங்கே மேயப் போயிருந்ததோ.

அப்புறம் ஆபீசர் லீவு, சர்வர் டவுன், ஆயுத பூஜை. நாலாவது வாரம் போனே எடுக்கவில்லை. கொழுந்தனாரைக் கூட்டிக்கொண்டு நேரில் போய் நின்றால், என் பாஸ்போர்ட் அவர் மேஜை டிராயரில் கிடக்கிறது, சென்னைப் பக்கமே போகவில்லை.

அன்று ராத்திரியே உழவன் எக்ஸ்பிரஸ் ஏறிவிட்டேன். பெட்டி கிடந்த யார்டில் "டெலிவரி ஆர்டரே யாரும் வாங்கலையேம்மா" என்றார்கள். பெட்டியை எடுக்க ஷிப்பிங் கம்பெனி தருகிற சீட்டு அது. இரண்டு நாள் அலைச்சல்தான், கவுண்டர் கவுண்டராகத் துரத்தினார்கள், ஒரே காகிதத்தை நாலு தடவை ஜெராக்ஸ் எடுத்தேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் கஸ்டம்ஸ்காரர்கள் பார்த்தது நான் இந்தியா வந்த தேதி, அதிலிருந்து ஒரு மாதத்துக்குள் பெட்டி கிளம்பியதா, உள்ளே என்ன இருக்கிறது, இவ்வளவுதான். என்ஓசி என்றதும் ஆபீசர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பழைய சாமானுக்கு டியூட்டி இல்லை. மிக்ஸிக்கும் மைலோவுக்கும் 10,000 ரூபாய் மதிப்புப் போட்டு 38.5 சதவீதம், 3,850 ரூபாய், கையில் சலான். இந்தியாவில் குடியிருக்கிற வெளிநாட்டுக்காரரை இந்த ஊர்க்காரர் மாதிரியேதான் அப்போதிருந்த 2016 பேக்கேஜ் ரூல்ஸ் (பயணிகளின் சாமான்களுக்கான கஸ்டம்ஸ் விதிகள்) நடத்தியது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். டபுளாம் டபுள்!

வயிற்றெரிச்சல் டெமரேஜில்தான். இலவச நாட்கள் முடிந்து பெட்டி சும்மா கிடந்ததற்கு 9,400 கட்டினேன், அது முழுக்க அந்த ஆள் இழுத்தடித்த நாட்களுக்கான காசு.

ஏஜென்ட் இல்லாமல் முடியாது என்றால் கஸ்டம்ஸ் புரோக்கர் லைசென்ஸ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், 2018 விதிமுறைப்படி அது இல்லாமல் இந்தத் தொழில் செய்யக் கூடாது. இவரிடம் இருந்தது விசிட்டிங் கார்டு மட்டும். டியூட்டி அரசாங்கத்துக்குப் போகிற பணம், தனி ஆள் கணக்குக்கு அனுப்பாதீர்கள். பெட்டி இறங்கிய தேதியையும் எத்தனை நாள் இலவசம் என்பதையும் ஷிப்பிங் கம்பெனியிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

போலீசுக்குப் போவேன் என்றதும் 5,000 வந்தது. மீதி 21,000 கேட்டால் "தீபாவளி முடியட்டும்க்கா" என்கிறார். எந்த தீபாவளி என்றுதான் சொல்ல மாட்டேன் என்கிறார்.