கார் கிளைம் பணம்: பல வருடப் பழக்கத்தில் நான் கண்டது

கார் இன்சூரன்ஸை விடாமல் புதுப்பித்து வருகிறேன். உரசல், பின்னால் வந்து இடித்தது, கண்ணாடி உடைந்தது என்று கிளைம் போட்ட அனுபவமும் உண்டு. ஃபாரம், சர்வே எல்லாம் போகப் போகப் பழகிவிடும். பணம் விஷயத்தில்தான் ஒவ்வொரு தடவையும் நிதானம் தேவைப்படுகிறது.

பம்பர் அடிபட்டு வண்டியை விட்டிருந்தபோது, "அந்தப் பழைய கதவுக் கீறலையும் இதிலேயே சேர்த்துடலாம் சார்" என்றார்கள் வொர்க்‌ஷாப்பில். வேண்டாம் என்றேன். சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பெனி சார்பில் சர்வேயர் வந்தார். இடி எந்த உயரத்தில் விழுந்திருக்கிறது, எதிர் வண்டியின் பெயின்ட் ஒட்டியிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். கதவுக் கீறலில் துரு ஏறியிருந்தது அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. "அது பழசு, இதில் வராது" என்று நானே சொன்னேன். சேர்த்திருந்தால் நியாயமாக வர வேண்டிய பம்பர் பணமும் சந்தேகத்தில் சிக்கியிருக்கும்.

அதற்காக, வர வேண்டியதை விட்டுவிடவும் கூடாது. பம்பரைக் கழற்றியதும் உள்ளே பிராக்கெட் உடைந்திருந்தது. வேலையை நிறுத்தி, படம் எடுத்து அனுப்பினோம். கூடுதல் எஸ்டிமேட்டுக்கு ஒப்புதல் கிடைத்தது. அதே வேலையில் ஹெட்லைட்டை மாற்றவும் அனுமதி இருந்தது. ஆனால் அதைப் பொருத்தும் காது மட்டும்தான் உடைந்திருந்தது, ரிப்பேர் கிட்டிலேயே சரியாகிவிட்டது. சரி, புது விளக்கின் விலையைப் பில்லில் எடுக்கச் சொன்னேன். கொஞ்சம் முனகினார்கள், எடுத்தார்கள். பாலிசிப்படி என் பங்குத் தொகையையும் நானேதான் கட்டினேன். அதையும் பில்லில் ஏற்றித் தருவதாகச் சொல்லும் இடங்கள் உண்டு. அது பொய் பில், பலருக்கு அது தவறாகவே தெரிவதில்லை என்பதுதான் வருத்தம்.

இடித்தவர் கையில் பணம் கொடுத்தால் அதையும் கம்பெனியிடம் சொல்லிவிட வேண்டும். ஒரே சேதத்துக்கு இரண்டு பக்கமும் வாங்க முடியாது. 1883-இல் இங்கிலாந்தில் நடந்த கேஸ்டெலைன் எதிர் பிரெஸ்டன் வழக்கு இதைத் தெளிவாக்கியது: தீப்பிடித்த வீட்டுக்கு இன்சூரன்ஸ் பணமும் வாங்கி, வீட்டை விற்ற முழு விலையும் வாங்கியவர், இன்சூரன்ஸ் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. காருக்கும் அதே கணக்குதான்.

அப்புறம், பணம் நேராக நம் அக்கவுன்ட்டுக்கு வந்தால், ரிப்பேர் பில் தீரும்வரை அதை வேறு செலவுக்குத் தொடாமல் வைப்பது நல்லது. கார் கடனில் இருந்தால் அந்த விவரத்தையும் கிளைமின்போதே சொல்லிவிடுங்கள்.