டோ கிளிப் பெடலுக்கு நடக்கத் தோதான ஷூ: ஃபுட்சால் ஷூவா, எஸ்பிடி ஷூவா?

பழைய ஸ்டீல் சைக்கிளில் டோ கிளிப்பும் (பாதத்தின் முன்பக்கத்தைப் பிடிக்கப் பெடலில் மாட்டும் கூண்டு) அதை இறுக்கும் தோல் ஸ்ட்ராப்பும் போட்டு ஓட்டுகிறவர்களுக்கு இன்றைக்கு பெடல் கிடைப்பது கஷ்டமே இல்லை. ஜப்பானின் எம்கேஎஸ் நிறுவனம் சில்வன், ஜிஆர்-9 மாதிரியான பெடல்களை இன்னமும் செய்கிறது. கிளிப், ஸ்ட்ராப் இரண்டும் ஆன்லைனில் வந்துவிடும். அதற்குள் சரியாக நுழைகிற ஷூவைத்தான் தேடித் தேடி அலைய வேண்டியிருக்கிறது. அதுவும் இறங்கினால் சாதாரணமாக நடக்கவும் வேண்டும் என்றால் தேர்வு இன்னும் சுருங்கிவிடும். என் பழைய ஜோடி தேய்ந்து முடிந்ததும் புதிது வாங்க வேண்டி வந்தது. தட்டையான சோல் வைத்த ஃபுட்சால் ஷூ, அதாவது உள்ளரங்கக் கால்பந்து ஷூ ஒரு பக்கம், கிளீட் (ஷூவைப் பெடலோடு பிணைக்க சோலுக்கு அடியில் மாட்டும் துண்டு) மாட்டாத எஸ்பிடி டூரிங் ஷூ மறுபக்கம். ஒன்றைச் சொந்தமாக வாங்கினேன், இன்னொன்றை நண்பரிடம் இரவல் வாங்கிக் கொஞ்ச காலம் ஓட்டினேன். நான் ஃபுட்சால் ஷூ பக்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பஞ்சம் எப்படி வந்தது என்று பார்த்தால், 1980களில் போய் நிற்கும். அதற்கு முன்னால் பந்தய வீரர்கள் தோல் சோல் ஷூவில் பள்ளம் வெட்டிய கிளீட்டை ஆணியடித்து, அந்தப் பள்ளத்தைப் பெடலின் பின் தகட்டில் உட்கார வைத்து, ஸ்ட்ராப்பை இறுக்கி ஓட்டினார்கள். காலை எடுக்க வேண்டுமென்றால் குனிந்து கையால் பக்கிளைத் தளர்த்தியாக வேண்டும். 1984இல் லுக் நிறுவனத்தின் கிளிப்லெஸ் பெடல் வந்தது, அதாவது கிளிப்பும் ஸ்ட்ராப்பும் இல்லாமல் கிளீட்டைத் தானே பூட்டிக்கொள்கிற பெடல். மறு வருடம் பெர்னார் இனோ அதில் ஓட்டி டூர் டி ஃபிரான்ஸை ஜெயித்தார். 1990இல் ஷிமானோ தன் கிளிப்லெஸ் முறையான எஸ்பிடியைக் கொண்டுவந்து, கிளீட்டை சோலுக்குள் புதைத்து நடக்கவும் வழி செய்தது. அதற்குப் பிறகு டோ கிளிப்புக்கென்று ஷூ செய்ய யாருக்கும் பெரிய அவசியம் இல்லாமல் போனது. ஜப்பானின் கெய்ரின் என்ற டிராக் சைக்கிள் பந்தயத்தில் மட்டும் இன்றும் கிளிப், ஸ்ட்ராப்தான். ஆனால் அங்கே போடுகிற ஷூ நடப்பதற்கானது இல்லை.

எனக்கு நடந்தே ஆக வேண்டும். வார இறுதியில் ஈசிஆரில் மாமல்லபுரம் வரை போனால் நடுவில் டீக்கடை, அங்கே போனதும் கருங்கல் பாறைமேல் ஏறி இறங்குவது. சில நாள் திரும்பும்போது வெயிலுக்குப் பயந்து புறநகர் ரயிலில் ஏறினால், நடைமேம்பாலத்துப் படிகளில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஏறவேண்டும். கார்பன் சோல் ஷூவோடு இதில் எதையும் செய்ய முடியாது.

மற்ற வாய்ப்புகளைச் சட்டென்று முடித்துவிடலாம். ரன்னிங் ஷூ வேண்டவே வேண்டாம். அதன் தடித்த நுரை சோல் கிளிப்பின் உயரத்தை முழுக்கத் தின்றுவிடும், விரல் மேலே இடிக்கும், பக்கவாட்டில் பிதுங்கி பெடல் ஓரத்தில் உரசும். பள்ளிக்கூடத்து வெள்ளை கேன்வாஸ் ஷூ அழகாக உள்ளே போய் வெளியே வரும், விலையும் மலிவு, மழையில் நனைந்தாலும் சீக்கிரம் காயும். ஆனால் சோல் மிக மெல்லியது, ஒரு மணி நேரத்தில் பெடல் தகடு பாதத்தில் தெரிய ஆரம்பிக்கும். பேட்மின்டன் ஷூவின் அடிப்பக்கம் நன்றாகவே இருக்கிறது, முன்பக்கத்து வலைத்துணிதான் ஸ்ட்ராப் உரசலுக்குத் தாங்காது. டிரோமார்ட்டி, குவோக் போன்றவை பழைய பாணியில் லேஸ் வைத்த லெதர் சைக்கிள் ஷூக்கள் செய்து பெயர் வாங்கியவை. பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, சுங்கமும் கட்டி, காலில் போட்டுப் பார்க்காமலே வாங்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஆம்பூர் பக்கத்து லெதர் ஷூ ஒன்றையும் யோசித்தேன். நல்ல லெதர் ஷூவுக்குள் ஷாங்க் என்று ஒரு விறைப்பான பட்டை உண்டு, பெடலுக்கு அது பெரிய பலம். ஆனால் சென்னை வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நான்கு மணி நேரம் மிதிக்க என்னால் ஆகாது.

இனி மிச்சம் இருக்கும் இரண்டுக்கு வருவோம். என்னைப் பொறுத்தவரை இந்த விஷயத்தைத் தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: சோலின் அடிப்பரப்பு. ஷூவின் எடை, அழகு, காற்றோட்டம் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

டோ கிளிப்பில் கால் எப்படிப் போகிறது என்று கவனித்தால் இது புரியும். கால் வைக்காதபோது கிளிப்பின் எடையால் பெடல் தலைகீழாகத் தொங்கும். பெடலின் பின்பக்கத்தில் சின்னதாக ஒரு நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். ஷூ நுனியால் அதைத் தட்டிப் புரட்டி, பெடல் நிமிர்கிற அதே நொடியில் பாதத்தை முன்னால் வழுக்கவிட வேண்டும். சோல் பின் தகட்டின் மேல் வழுக்கிக்கொண்டே போய், முன்பாதத்து மேடு அச்சுக்கு நேராக வந்ததும் நிற்கும். வெளியே எடுப்பது இதற்கு நேர் எதிர். காலைப் பின்னுக்கு இழுக்க வேண்டும். கிளிப்லெஸ் மாதிரிக் குதிகாலைத் திருப்பினால் வராது. அதாவது ஒவ்வொரு சிக்னலிலும், குறுக்கே ஒரு ஆட்டோ வந்து நின்றால் அப்போதும், சோல் அந்தத் தகட்டின் மேல் தடையில்லாமல் பின்னால் வந்தாக வேண்டும்.

எஸ்பிடி டூரிங் ஷூக்களில் பெரும்பாலானவற்றுக்கு மலைப்பாதையில் நடப்பதற்கென்று கட்டை கட்டையாக ரப்பர் பற்கள் இருக்கும். அந்தப் பற்களுக்கு இடையில் பின் தகடு போய் உட்கார்ந்துவிட்டால் கால் பின்னால் வராது. முதலில் காலை மேலே தூக்க வேண்டும், தூக்கினால் மேலே ஸ்ட்ராப் பிடிக்கும். ஸ்ட்ராப் தளர்வாக இருந்தால் தப்பித்துவிடலாம், இறுக்கமாக இருந்தால் சைக்கிளோடு சாய வேண்டியதுதான். இரவல் ஷூவில் எனக்குப் பல சிக்னல்களில் கால் ஒரு கணம் மாட்டி, பிறகு வந்தது. அந்த ஒரு கணம் போதும், அடுத்த சிக்னல் வரும்போதெல்லாம் மனசு முன்கூட்டியே பதற ஆரம்பித்துவிடுகிறது. அதோடு கிளீட் மாட்டும் குழியை மூடுகிற தகடு இல்லாத ஷூவாக இருந்தால், அந்தக் குழியின் விளிம்பும் சேர்ந்து பிடிக்கும். எஸ்பிடி ஷூவை டோ கிளிப்பில் போடுவதாக இருந்தால் அந்த மூடியைத் திருகோடு சேர்த்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபுட்சால் ஷூ மரத்தளத்திலும் சிமென்ட் தளத்திலும் ஓடுவதற்குச் செய்தது. அடியில் தட்டையான கம் ரப்பர், அதில் மெல்லிய வரிகள் மட்டும். தகடு மாட்டிக்கொள்ள இடமே இல்லை. அதே சமயம் அந்த ரப்பருக்கு இயல்பாகவே பிடிப்பு உண்டு, பாதம் பெடல்மேல் அங்குமிங்கும் அலையாது. நான் எடுத்தது அடிடாஸ் சாம்பா. 1950 வாக்கில் உறைந்த தரையில் கால்பந்து ஆடுவதற்காகச் செய்யப்பட்ட ஷூ அது. டோ கிளிப்பை யாரும் மனதில் வைத்துச் செய்யவில்லை, ஆனாலும் அளவெடுத்த மாதிரி பொருந்துகிறது. முன்பக்கம் குறுகலாக, உயரம் குறைவாக இருக்கிறது. கிளிப்பின் இரும்பு எந்த இடத்தில் உரசுமோ சரியாக அந்த இடத்தில் ஸ்வீடு தோல் ஒட்டு ஒன்று உண்டு. என் ஜோடியில் அந்த ஒட்டில் இரண்டு பளபளப்பான கோடுகள் விழுந்திருக்கின்றன. அதற்குக் கீழே இருக்கும் தோலுக்கு ஒரு கீறல்கூட இல்லை.

சாம்பாதான் வேண்டும் என்று இல்லை. விளையாட்டுச் சாமான் கடைகளில் இருக்கும் சாதாரண ஃபுட்சால் ஷூ இதன் விலையில் பாதிகூட ஆகாது. ஆனால் பெட்டியில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ஐஎன் அல்லது ஐசி என்றால் உள்ளரங்கத்துக்கானது, அதுதான் வேண்டும். டிஎஃப் என்றால் செயற்கைப் புல்லுக்கானது, அடியில் குட்டிக் குட்டிக் குமிழ்கள் இருக்கும், பழைய பிரச்சினையே திரும்ப வரும்.

விறைப்பு விஷயத்தில் எஸ்பிடி ஷூவே மேல். இதில் வாதமே இல்லை. ஆனால் விறைப்பு எங்கே வேண்டும் என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நடக்கும்போது ஷூ மடங்குவது விரல்களின் அடியில். மிதிக்கும்போது வலி வருவது அதற்குப் பின்னால், பெடலின் பின் தகடு பாதத்தின் உள்வளைவு தொடங்கும் இடத்தில் அழுத்துவதால். இரண்டும் வேறு வேறு இடங்கள். அதனால் விரலடியில் மடங்கி, நடுப்பாதத்தில் மடங்காத ஷூ இரண்டு வேலைக்கும் ஆகும். கடையில் ஒரு கையால் நுனியையும் மறுகையால் குதிகாலையும் பிடித்து அழுத்திப் பாருங்கள். முன்னால் மூன்றில் ஒரு பங்கில் மடங்கினால் சரி. நடுவில் சப்பாத்தி மாதிரி மடங்கினால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

சாம்பா இந்தச் சோதனையில் தேறுகிறது, ஆனால் நல்ல மதிப்பெண் என்று சொல்ல மாட்டேன். மாமல்லபுரம் போய்வரும் தூரத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. அதைத் தாண்டிப் போன நாட்களில் பாதத்தில் சூடு ஏறியது உண்மை. உள்சோலை எடுத்துவிட்டு, அதே வடிவத்தில் மெல்லிய, விறைப்பான பிளாஸ்டிக் தகடு ஒன்றை வெட்டி, விரல் பகுதியை மட்டும் விட்டு அடியில் போட்டேன். பெரிய அளவில் குறைந்தது. ஜிஆர்-9 மாதிரி அகலமான பெடலில் அழுத்தம் பரவுவதால் அந்தத் தகடுகூடத் தேவைப்படாமல் போகலாம். என்னிடம் இருப்பது சில்வன், அதன் கூண்டு குறுகல்.

என் ஓட்டமெல்லாம் ஒரு பகலுக்குள் முடிந்துவிடுபவை. பிரெவே, அதாவது நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம், ஓட்டுகிறவர்களின் கணக்கு வேறு. 200 கிலோமீட்டருக்கே பதின்மூன்றரை மணி நேரம் அவகாசம், 400 என்றால் 27 மணி நேரம். அவ்வளவு நேரம் பெடல்மேல் இருக்கும் காலுக்கு எஸ்பிடி ஷூவின் விறைப்பும் குதிகால் பிடிப்பும் நிச்சயம் அருமை தெரியும். அப்படிப்பட்டவர் என் பேச்சைவிட, அந்தத் தூரம் ஓட்டியவர் பேச்சுக்கே காது கொடுக்க வேண்டும். நாளைக்கு கிளிப்லெஸ் பெடலுக்கு மாறும் யோசனை இருப்பவருக்கும் எஸ்பிடி ஷூ வீண்போகாது.

எஸ்பிடியிலேயே நகரத்தில் ஓட்டுவதற்கென்று ஸ்னீக்கர் போலத் தட்டையான சோலோடு வருபவை உண்டு. அடிடாஸே சாம்பாவின் உருவத்தில், கிளீட் மாட்டும் வசதியோடு, விறைத்த சோலுடன் வெலோசாம்பா என்று ஒன்றைக் கொண்டுவந்தது. என் அளவில் கையில் கிடைத்திருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே வேலை இருந்திருக்காது என்று நினைக்கிறேன். பற்கள் உள்ள எஸ்பிடி ஷூ ஏற்கெனவே வீட்டில் இருந்தால், செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொடுத்து முன்பாதத்துப் பற்களை மட்டும் கல்லில் தேய்த்து மட்டமாக்கித் தரச் சொல்லலாம். நண்பர் தன் ஷூவில் இப்போது அதைத்தான் செய்திருக்கிறார். கால் வழுக்கி வருகிறது என்கிறார். ஈரத்தில் நடக்கும்போது எப்படியிருக்கும் என்பது இந்த ஐப்பசி மழையில் தெரிந்துவிடும்.

மழை என்றதும் சாம்பாவின் குறையையும் சொல்லிவிட வேண்டும். லெதரும் ஸ்வீடும் நனைந்தால் காய இரண்டு நாள் ஆகும். உள்ளே செய்தித்தாளைத் திணித்து, நிழலில் ஃபேனுக்குக் கீழே வைக்க வேண்டும். வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். ஈரமான கருங்கல்லில் கம் சோல் வழுக்கவும் செய்கிறது. மழைக்காலத்தில் நான் பாறை ஏறுவதில்லை.

அகலமான பாதம் உள்ளவர்களுக்கு சாம்பா ஒத்துவராது. அதன் வார்ப்பே குறுகலானது. சுண்டுவிரல் பக்கம் அமுக்கினால் நாளாக நாளாக இளகும் என்று நம்பி வாங்க வேண்டாம், ஸ்ட்ராப் வேறு அதே இடத்தில்தான் அழுத்தும். அவர்கள் வேறு ஃபுட்சால் ஷூ பார்க்கலாம். ஆனால் சில்வன் மாதிரிப் பெடல்களில் வெளித்தகடு நுனியில் மேல்நோக்கி வளைந்திருக்கும், அகலமான ஷூ அதில் போய் இடிக்கும். கிளிப்பின் ஆழம் போதாமல் விரல் முட்டுகிறது என்றால் ஷூவைக் குறை சொல்லுமுன் கிளிப்புக்கும் பெடலுக்கும் நடுவில் இரண்டு வாஷர் போட்டுப் பாருங்கள். சில மில்லிமீட்டர் கிடைத்துவிடும்.

கடைக்குப் போகும்போது பெடலையே கழற்றிக் கையில் எடுத்துப் போங்கள். நான் அப்படித்தான் போனேன். 15 எம்எம் ஸ்பேனர் போதும். இடது பெடலின் மரை எதிர்த்திசை என்பதால் அதை வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். வலதைக் கழற்றினால் அந்தக் குழப்பமும் இல்லை. கடைப்பையன் "என்ன சார் இது, வண்டி பார்ட்ஸா?" என்று கேட்டான். விஷயத்தைச் சொன்னதும் அவனே ஆர்வமாகி, ரேக்கில் இருந்த தட்டை சோல் ஷூ ஒவ்வொன்றையும் எடுத்து கிளிப்புக்குள் விட்டுப் பார்த்தான். பெடல் கழற்ற வழியில்லை என்றால் ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும். அதன் விளிம்பை சோலின் குறுக்காக வைத்து, விரல் பக்கத்திலிருந்து குதிகால் பக்கமாகவும், அங்கிருந்து திரும்ப முன்னாலும் இழுங்கள். எங்கேயும் தடுக்காமல் போனால் அந்த ஷூவைக் காலில் போட்டுப் பார்க்கலாம். வாங்கியதும் லேஸை இரட்டை முடிச்சாகப் போட்டு, தொங்கும் நுனிகளை உள்ளே செருகிவிடுங்கள். வலது காலில் அது செயின்ரிங் பக்கம் இருக்கிறது.