பெயரை வாங்குவதா, சொந்தமாகத் தொடங்குவதா? மகளிர் விளையாட்டு பார்: இரு வழிகள்

அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் சமையற்கலைஞர் ஜென்னி நுயென் 2022 ஏப்ரலில் திறந்த 'தி ஸ்போர்ட்ஸ் ப்ரா', மகளிர் விளையாட்டுகளை மட்டுமே திரையிடும் பார். ரெடிட் தளத்தை நிறுவியவர்களுள் ஒருவரான அலெக்ஸிஸ் ஒஹானியனின் அறக்கட்டளை 2024இல் முதலீடு செய்ததையடுத்து பிரான்சைஸ் முறைக்கு (கட்டணம் பெற்றுக்கொண்டு தன் பெயரிலும் முறையிலும் பிறர் கடை நடத்த அனுமதிப்பது) மாறிய இந்நிறுவனம், 2025இல் பாஸ்டன், இண்டியானாபொலிஸ், லாஸ் வேகஸ், செயின்ட் லூயிஸ் ஆகிய நான்கு நகரங்களைக் கிளைகளுக்காக அறிவித்தது. சியாட்டிலின் 'ரஃப் அண்ட் டம்பிள்', மினியாபொலிஸின் 'எ பார் ஆஃப் தெயர் ஓன்' ஆகியவையோ தனிப் பெயரில் தொடங்கப்பட்டவை.

பிரான்சைஸ் எடுப்பவருக்குக் கிடைப்பது பெயர் மட்டுமன்று. ஒளிபரப்பு விஷயத்தில் பெற்ற அனுபவமும் கிடைக்க வேண்டும். வீட்டுக்கான சந்தாவைக் கொண்டு பாரில் ஆட்டத்தைத் திரையிட முடியாது. வணிக உரிமம் தனி. 2024 பருவத்தில் வெள்ளிக்கிழமை இரவுகளில் அமெரிக்க மகளிர் கூடைப்பந்து லீகான டபிள்யூ.என்.பி.ஏ.வின் ஆட்டங்கள் அயான் தொலைக்காட்சியிலும், மகளிர் கால்பந்து லீகான என்.டபிள்யூ.எஸ்.எல்.லின் ஆட்டங்கள் பிரைம் வீடியோவிலும் வந்தன. எந்தத் திரையில் எதை வைப்பது, எதற்கு ஒலி கொடுப்பது என்பதெல்லாம் அன்றாடத் தலைவலி. பணம் கொடுப்பவர் முதலில் கேட்டு வாங்க வேண்டியது இந்தப் பயிற்சியைத்தான்.

பிரான்சைஸ் எடுத்தவர் தொடர்ந்து செலுத்த வேண்டிய ராயல்டியில்தான் எனக்குத் தயக்கம். பிரான்சைஸ் ஒப்பந்தங்களில் அது பொதுவாக மொத்த விற்பனையின் மீது கணக்கிடப்படுவதால், ஆட்டங்கள் குறைந்து கல்லா காற்று வாங்கும் வாரங்களிலும், லாபம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கட்டியே ஆக வேண்டும். சொந்தக் கடைக்காரர் அந்த வாரங்களில் உணவுப் பட்டியலைச் சுருக்கலாம், வினாடி வினா நடத்தலாம்; யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஊரும் முக்கியம். சியாட்டிலுக்கு ஸ்டார்ம், மினியாபொலிஸுக்கு லிங்ஸ் என டபிள்யூ.என்.பி.ஏ. அணிகள் இருப்பதால் அங்கே ரசிகர் கூட்டம் ஏற்கெனவே உண்டு. வெளியூர்ப் பெயருக்குக் கட்டணம் செலுத்துவது வீண் என்றே நினைக்கிறேன். இந்த இரு லீகுகளிலும் அணி இல்லாத செயின்ட் லூயிஸில் நாடறிந்த பெயர் கூட்டம் சேர்க்க உதவக்கூடும். ஆனால் போர்ட்லாந்தின் வெற்றியை அப்படியே வேறு ஊருக்குப் பொருத்திப் பார்ப்பது ஆபத்து. 2013, 2017, 2022 ஆகிய ஆண்டுகளில் என்.டபிள்யூ.எஸ்.எல். பட்டம் வென்ற தார்ன்ஸ் அணியின் ஊர் அது.

ஆகவே உணவகம் நடத்திய அனுபவமும் உள்ளூரில் ஓர் அணியும் உள்ளவர் சொந்தமாகத் தொடங்குவதே மேல். இரண்டும் இல்லாதவர் பிரான்சைஸை நாடலாம். ஆனால் அவசரம் கூடாது. ஒப்பந்தக் கையெழுத்துக்கோ பணம் பெறுவதற்கோ குறைந்தது 14 நாள்களுக்கு முன், பிரான்சைஸ் தரும் நிறுவனம் தன்னைப் பற்றிய விவரங்கள் அடங்கிய வெளிப்படுத்தல் ஆவணத்தைத் தர வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சி விதி. அதன் 19ஆம் பிரிவில் வருமான விவரம் தரப்பட்டிருந்தால், அது போர்ட்லாந்து கடையை மட்டும் வைத்துச் சொன்னதா, கிளைகளின் கணக்கும் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்; போர்ட்லாந்து மட்டும்தான் என்றால், கிளைகள் ஓராண்டு ஓடி முடியும்வரை காத்திருப்பது நல்லது.