எல்இடி இண்டிகேட்டர்: ரெசிஸ்டரா, பிளாஷரா?

பைக்கில் பல்பு இண்டிகேட்டரைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினால் பெரும்பாலும் படபடவென மினுக்கும். பழைய பல்பு 10 வாட் இழுக்கும். எல்இடிக்கு ஓரிரு வாட் போதும். இழுப்பு குறைந்ததும், பல்பு போய்விட்டது என்று பழைய பிளாஷர் (இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கும் சின்னப் பெட்டி) எடுத்துக்கொள்கிறது. நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மினுக்குவதுதான் முறை.

பழைய பல்பு அளவுக்கு இழுப்பைக் காட்ட, ஒவ்வொரு எல்இடிக்கும் இணையாக ஒரு ரெசிஸ்டர் (மின்தடை) கொடுப்பது ஒரு வழி. 10 ஓம் என்றால், எரியும் நேரத்தில் 14 வாட்டுக்கு மேல் வெறும் சூடாகப் போகும். வேலூர் சித்திரை வெயிலில், கிரீன் சர்க்கிள் சிக்னலில் இண்டிகேட்டர் போட்டபடி நின்றால் அது கையைச் சுடும். பிளாஸ்டிக்கில் ஒட்டாமல் இரும்புச் சட்டத்தில்தான் பொருத்த வேண்டும். மின்சாரம் மிச்சம் என்று எல்இடி வாங்கிவிட்டு இப்படி எரிப்பது எனக்கு ஒப்பவில்லை. ஆனால், பிளாஷர் தனியாக இல்லாமல் கண்ட்ரோல் யூனிட்டுக்குள்ளேயே இருக்கும் புது வண்டிகளுக்கு இதுதான் கைகொடுக்கும்.

மற்றபடி என் ஓட்டு, இழுப்பு குறைந்தாலும் வேகம் மாறாத எல்இடி பிளாஷருக்கே. ஒயரை வெட்ட வேண்டியதில்லை; பழையதைப் பிடுங்கிப் புதியதைச் செருகினால் சரி. இரண்டு பின்னா மூன்று பின்னா என்று பார்த்து வாங்குங்கள். மூன்று பின் என்றால் பேட்டரி, சுவிட்ச், எர்த் மாறிவிடக் கூடாது. ஒரு எல்இடி செத்தாலும் வேகம் மாறாது என்பதால், அவ்வப்போது இறங்கிப் பார்க்க வேண்டும்.

அப்புறம், மீட்டரில் இரண்டு பக்கத்துக்கும் ஒரே விளக்கு இருந்தால் நாலு இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கலாம். அதற்கு எந்த பிளாஷரும் மருந்தில்லை. அந்த விளக்குக்கு வரும் இரண்டு ஒயரிலும் டையோடு (மின்சாரத்தை ஒரே பக்கம் விடுவது) போட்டு, இரண்டையும் விளக்கின் ஒரு முனையில் சேர்த்து, மறுமுனையை எர்த்துக்குக் கொடுக்க வேண்டும்.