நூலக நண்பர்கள் திட்டம்: பை தூக்கிப் போகிறவனின் விமர்சனம்

உங்கள் வீட்டில் படிக்க ஆசை இருந்தும் படியிறங்க முடியாதவர் யாராவது இருந்தால், யோசிக்காமல் இந்தச் சேவைக்குப் பெயர் கொடுங்கள். காசு கிடையாது. சொத்து வரியில் நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் நூலக வரியாக ஏற்கெனவே கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். (வாடகை வீடா? உங்கள் ஓனர் கட்டுகிறார், அதுவும் நீங்கள் கொடுக்கும் வாடகையிலிருந்துதான்.)

2022-ல் தமிழக அரசு தொடங்கிய திட்டம். முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள், உடம்புக்கு முடியாதவர்கள் போன்றோருக்குத் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய்ப் புத்தகம் கொடுத்து, படித்ததும் வாங்கி வருவார்கள். நான் அப்படிப் போகிற ஆள். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிளை நூலகம். எது என்று சொல்லவில்லை, கீழே கொஞ்சம் குறை சொல்லப் போகிறேன்.

எங்கள் பக்கத்துக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. 1931-லேயே மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். தொடங்கி வைத்தவர் சீர்காழிக்காரர் எஸ்.ஆர்.ரங்கநாதன். நூலகத் துறையே இன்றும் ஓதும் ஐந்து விதிகளை அவர் புத்தகமாகப் போட்டதும் அதே வருஷம்தான். அதில் நாலாவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. நூலகத்தில் புத்தகம் கொடுக்கும் கவுண்டருக்கு அது சரி. நான் போகும் வீடுகளில் மிச்சப்படுத்த அவசியமே இல்லாத ஒரே பொருள் நேரம்தான். அதை யாராவது உட்கார்ந்து செலவழிக்க மாட்டார்களா என்று காத்திருக்கிறார்கள். அந்த மேதையோடு எனக்குள்ள ஒரே கருத்து வேறுபாடு இது.

பஸ்ஸில் எனக்கு இரண்டே கேள்வி: எங்கே போகணும், சில்லறை இருக்கா. வாசலில் நின்றபடி அதே வேகத்தில் ‘என்ன புத்தகம் வேணும்?’ என்று கேட்டால் எல்லா வீட்டிலும் ஒரே பதில்தான் வரும்: ‘ஏதாவது கொண்டாங்க.’ உண்மையான பதில் வர நாற்காலியில் உட்கார வேண்டும். சில வீடுகளில் இரண்டு மூன்று முறை.

ஒரு பெண். ஏழாவது மாசம், டாக்டர் படுத்தே இருக்கச் சொல்லிவிட்டார். கர்ப்ப காலம் பற்றிப் புத்தகம் வேண்டும் என்று கேட்டாள், கொண்டுபோய்க் கொடுத்தோம். திருப்பி வாங்கும்போது பார்த்தால் பிரித்த மாதிரியே தெரியவில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு மாமியார் ரேஷன் கடைக்குப் போயிருந்தார். கொஞ்ச நேரம் மழையைப் பற்றி, வெயிலைப் பற்றிப் பேசிவிட்டு, ‘ஐயா, குரூப் 4-க்குப் படிக்கணும். ஆறாவதுலேருந்து பத்தாவது வரைக்கும் ஸ்கூல் புக்கு கெடைக்குமா?’ என்றாள். முதல் தடவை கதவோரம் மாமியார் நின்றிருக்கும்போது அந்தக் கேள்வி எப்படி வரும்? அப்புறம் சமூக அறிவியலை முதலில் எடுத்துப் போனேன். மேலே ஒரு சமையல் புத்தகமும் வைத்தேன், யாரும் கேட்காமலே.

இன்னொருவர் கப்பலில் வேலை பார்த்தவர். வாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் குழறும். அவர் ஒரு வாக்கியத்தை முடிக்கிற நேரத்தில் நான் ஒரு பஸ் முழுக்க டிக்கெட் போட்டுவிடுவேன். பாதி சொல் வந்ததுமே மீதியைச் சொல்லிவிட நாக்கு துடிக்கும். அதை அடக்குவதுதான் இந்த வேலையிலேயே பெரிய வேலை. கூட இருக்கும் மகன் அடக்க மாட்டார். ‘அப்பா பக்திப் புத்தகம் கேக்கறாங்க’ என்று முடித்துவிடுவார். மகன் எழுந்து போன பிறகு அவர் விரலால் காற்றில் ஒரு கோடு போட்டுக் காட்டினார். கேட்டது அட்லஸ்.

இங்கேதான் குறை ஆரம்பிக்கிறது. அட்லஸ் குறிப்பு நூல், வெளியே தரக்கூடாது என்று எங்கள் கிளையில் மறுத்துவிட்டார்கள். விதி புரிகிறது. ஆனால் உள்ளே வந்து பார்க்க முடியாதவருக்காகத்தானே இந்தச் சேவையே? கடைசியில் இந்தியப் பெருங்கடல் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். கருப்பு வெள்ளையில் கடலும் நிலமும் ஒரே நிறம். அவர் கண்டுகொள்ளவில்லை. கொழும்பிலிருந்து ஏடன் வரை விரலை நகர்த்திக்கொண்டே போனார்.

அடுத்தது பதிவேடு. பெயர், புத்தக எண், கொடுத்த தேதி, வாங்கிய தேதி, அவ்வளவுதான் எங்கள் கிளையில் வைத்திருக்கிறார்கள். படிக்கிறவர் என்ன சொன்னார், எது பிடிக்கவில்லை, எழுத்து சின்னதாக இருக்கிறதா என்று எழுத இடமே இல்லை. நான் தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறேன். எனக்குக் காய்ச்சல் என்றால் வேறொரு பையன் போவான். அவன் மறுபடி ‘என்ன புத்தகம் வேணும்?’ என்று ஆரம்பிப்பான், அவரும் மறுபடி ‘ஏதாவது’ என்பார். நூலகரையும் குற்றம் சொல்ல மனசு வரவில்லை. ஒரே ஆள், பூட்டைத் திறப்பதிலிருந்து கணக்கு எழுதுவது வரை அவர்தான்.

பெட்ரோல் நம் காசு. புதுப் புத்தகங்கள் மெதுவாகத்தான் வரும். இதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஐந்துக்கு மூன்றரை. பதிவேட்டில் இன்னும் ஒரு கட்டம் போட்டால் நாலரை தருவேன்.

பெயர் கொடுக்க நினைப்பவர்கள் பக்கத்துக் கிளை நூலகத்தில் கேட்டாலே போதும். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், எங்கள் பக்கம் அன்றைக்கு லீவு. வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: அப்பாவைக் கேட்டால் அப்பாவே பதில் சொல்லட்டும், எவ்வளவு நேரமானாலும். அந்தப் பத்து நிமிஷம் டிவியைக் குறைத்து வையுங்கள். டீ வேண்டாம், எனக்கு சுகர்.